6×4 அடி சிமெண்ட் தொட்டி, பச்சைத் தண்ணீர்: செடி வைத்தே சரிசெய்ய முடியுமா?

மல்லிப்பந்தல், மதுரை

தோட்டத்தில் 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி. கட்டி எட்டு மாதம் ஆகிறது. 8 கோல்ட்ஃபிஷ், 4 சின்ன கோய். காலை 9 முதல் மாலை 4 வரை நேர் வெயில். ஃபில்டர் இல்லை. போர் தண்ணீர்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டு, சுவரைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புகிறோம். ஆறாம் நாளே மறுபடி பச்சை. பத்தாம் நாள் மீனே தெரிவதில்லை. விடியற்காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. எட்டு மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது.

கடையில் "ஆகாயத்தாமரை நாலு வாங்கிப் போடுங்க, போதும்" என்கிறார்கள். போதுமா? எந்தச் செடி, எத்தனை, எப்படி வைப்பது? யூவி விளக்கு, பெரிய ஃபில்டர் என்று செலவு செய்யாமல் முடிந்தால் நல்லது.

---

நீர்ப்பிரம்மி

செடியை வைத்தே முடியும். ஆனால் நாலு செடியைப் போட்டுவிட்டு மற்றதெல்லாம் இப்போதுபோலவே செய்தால் நடக்காது.

முதலில் கொள்ளளவு. 6×4×2 என்றால் 48 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். விளிம்பில் மூன்று அங்குலம் விட்டுக் கணக்கிட்டால் சுமார் 1,200 லிட்டர். மருந்தோ உரமோ மீனோ, எல்லாவற்றுக்கும் இந்த எண்தான் அடிப்படை. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை நிறம் தண்ணீரில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. அது வளர வெயிலும் நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளும் போதும். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கிறது. சுவரிலும் அடியிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். கையால் தொட்டால் வழுவழுப்பாகத் தெரியும் அந்தப் படலம்தான் உங்கள் ஃபில்டர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீங்கள் தேய்த்துக் கழுவுவது அதைத்தான். படலம் போனதும் அம்மோனியா முழுக்கப் பாசிக்கு விருந்து. போர் தண்ணீரிலும் பல ஊர்களில் நைட்ரேட் கலந்தே வருகிறது. ஆறாம் நாள் பச்சையாவதற்கு இதுவே போதும்.

விடியற்காலை மூச்சுத் திணறலுக்கும் பாசிதான் காரணம். பகலில் ஆக்சிஜன் விடும் பாசி, இரவில் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அதனால் சூரியன் வரும் நேரத்தில் கையிருப்பு தீர்ந்துபோகிறது. எட்டு மணிக்குச் சரியாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவே அடையாளம். பகல் முழுக்க மேலே நின்றால் அம்மோனியாவையோ செவுள் நோயையோ சந்தேகிக்க வேண்டும்.

இப்போது செடி. நாளுக்கு 10 கிராம் தீனி போடுவதாக வையுங்கள். 32 சதவீதப் புரதம் என்றால் 3.2 கிராம் புரதம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன், ஆக அரை கிராம். மீன் உடம்பில் தங்குவது அதில் கால் பங்கோ சற்று மேலோ. மிச்சம் ஏறக்குறைய 0.35 கிராம் தினமும் தண்ணீருக்கு வருகிறது, வாரத்துக்கு இரண்டரை கிராம். வெங்காயத்தாமரை மாதிரி மிதக்கும் செடியில் 95 சதவீதம் தண்ணீர்தான். ஈரத்தோடு 1 கிலோ எடுத்துப் போட்டால் ஒன்று முதல் ஒன்றரை கிராம் நைட்ரஜன் வெளியேறும். ஆகவே 10 கிராம் தீனிக்கு வாரம் 2 கிலோ செடியை அள்ளி வெளியே போட வேண்டும். கொஞ்சம் நைட்ரஜனை பாக்டீரியாவே வாயுவாக்கி அனுப்பிவிடும் என்றாலும், திட்டமிட இந்தக் கணக்கு போதும்.

செடி சத்தைப் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். அதை அள்ளி வெளியே எடுக்காமல் அழுக விட்டால் பிடித்ததெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே வந்துவிடும். செடி போட்டும் தண்ணீர் சரியாகவில்லை என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

---

கொளத்தூர் மீன்காரர்

மல்லிப்பந்தல் சகோ, செடிக்கு முன்னால் மீனைப் பாருங்க. கோய் நாலையும் பெரிய குளம் வைத்திருப்பவர் யாரிடமாவது கொடுத்துவிடுங்க. இரண்டு அடிக்கு வளரும் மீன். 1,200 லிட்டர் அதுக்கு வாளித் தண்ணீர். மண்ணைக் கிளறிக்கிட்டே இருக்கும், தொட்டியில் வைத்த செடியைப் பிடுங்கி மிதக்க விட்டுவிடும். கோயும் செடியும் சின்னத் தொட்டியில் சேர்ந்து வாழாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஃபில்டர் இல்லாமல் 5 அல்லது 6 கோல்ட்ஃபிஷ் வைக்கலாம். எட்டை வைத்துத்தான் ஆகணும்னா தீனியைக் குறைக்கணும். இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு, நாளுக்கு ஒரு வேளை, வாரத்தில் ஒருநாள் பட்டினி. இரண்டு வாரம் தீனியே போடாவிட்டாலும் பாசியும் புழுவும் தின்று கோல்ட்ஃபிஷ் நன்றாகவே இருக்கும்.

பேர்க் குழப்பம் ஒன்று. கடையில் 'ஆகாயத்தாமரை' என்று இரண்டு செடியைக் கொடுப்பாங்க. இலைக்காம்பு வெங்காயம் மாதிரி உப்பி, ஊதாப் பூ பூப்பது வெங்காயத்தாமரை. முட்டைக்கோஸ் குருத்து மாதிரி, வெல்வெட் தொட்ட மாதிரி இலையோடு இருப்பது நிஜமான ஆகாயத்தாமரை. இரண்டுமே வேலை செய்யும். உச்சி வெயிலில் வெங்காயத்தாமரை நிமிர்ந்து நிற்கும், ஆகாயத்தாமரை ஓரம் மஞ்சளாகும். உங்க வெயிலுக்கு முதலாவது. ஆனா கோல்ட்ஃபிஷ் இரண்டின் வேரையும் மேய்ந்துவிடும். கறுத்துத் தொங்குற அந்த வேர்க்கொத்துதான் வடிகட்டுற உறுப்பு, அது போனா செடி வெறும் குடைதான். பிளாஸ்டிக் காய்கறிக் கூடையில் வைத்து மிதக்க விடுங்க, இல்லை கொசுவலை மாதிரி வலையை வேருக்குக் கீழே தொங்க விடுங்க.

---

அல்லிக்கரை

மிதக்கும் செடி அவசர வேலைக்கு. நிரந்தரமாக நிழல் தர அல்லிதான் வேண்டும். 24 சதுர அடிக்கு ஒரே ஒரு அல்லி போதும். நன்றாக வளர்ந்தால் ஒரு செடியே 8 முதல் 10 சதுர அடியை மூடும். இரண்டு வைத்தால் இலைக்கு மேல் இலை ஏறி, அடியில் உள்ளது அழுகும். தாமரை இந்தத் தொட்டிக்கு வேண்டாம். கிழங்கு ஓட இடம் கேட்கும். இலை தண்ணீருக்கு மேலே எழும்பி நிற்பதால் மீனுக்குக் கிடைக்கும் நிழலும் குறைவு.

நடும் விதத்தில்தான் பாதிப்பேர் தோற்கிறார்கள். 12 அங்குல அகலம், 7 அல்லது 8 அங்குல ஆழமுள்ள ஓட்டையில்லாத பிளாஸ்டிக் பேசின் எடுங்கள். அதில் வண்டல் அல்லது களிமண், வேறொன்றும் வேண்டாம். சாணம், மண்புழு உரம், தேங்காய்நார்க் கழிவு மூன்றும் கூடாது. நார்க்கழிவு மிதக்கும், மற்ற இரண்டும் தண்ணீரில் கரைந்து பச்சையை இரட்டிப்பாக்கும். மண்ணைத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, பேசினில் மேலே இரண்டு அங்குலம் விட்டு அழுத்தி நிரப்புங்கள். நம் ஊர் நீல அல்லி போன்ற வெப்பமண்டல வகைக்குக் குருத்து நடுவில் நிமிர்ந்து இருக்க வேண்டும். படர்ந்த கிழங்குள்ள வகை என்றால் கிழங்கின் வெட்டுமுனை பேசின் ஓரத்திலும், வளரும் நுனி நடுவைப் பார்த்துச் சற்று மேல்நோக்கியும் சாய்ந்திருக்க வேண்டும். குருத்து மண்ணுக்கு வெளியே தெரியணும். புதைந்தால் அழுகும்.

அதன்மேல் ஒரு அங்குலம் பெருமணல், அதற்கும் மேல் எலுமிச்சம்பழ அளவுக் கூழாங்கல். சின்னக் கல் வைத்தால் கோல்ட்ஃபிஷ் வாயில் எடுத்துத் துப்பிவிட்டு மண்ணைத் தோண்டும். பேசினை வெளியிலேயே தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, குமிழி நின்றபிறகு சாய்த்து மெதுவாக இறக்குங்கள். உலர்ந்த மண்ணோடு இறக்கினால் காற்று வெடித்துத் தொட்டி முழுக்கச் சேறாகும். தொடக்கத்தில் செங்கல் அடுக்கி, குருத்துக்கு மேல் அரை அடித் தண்ணீர் மட்டும் இருக்கும்படி வையுங்கள். இலை வர வர ஒவ்வொரு செங்கலாக எடுத்துத் தரைக்கு இறக்கலாம்.

உரம் பற்றிக் கட்டாயம் ஒரு வார்த்தை. டிஏபி உரத்தைக் காகிதத்தில் மடித்து மண்ணுக்குள் திணிக்கச் சொல்வார்கள். மீன் இல்லாத தாமரைத் தொட்டிக்குச் சரி. மீன் இருக்கும் தொட்டியில் அது அம்மோனியாவும் பாஸ்பரசும் கலந்த பொட்டலம். கல் பெயர்ந்து கரைந்தால் முதலில் மீன் போகும். முதல் மூன்று மாதம் உரமே வேண்டாம். மீன் கழிவே போதும்.

---

மல்லிப்பந்தல், மதுரை

மிக்க நன்றி. கோயைக் கொடுக்க ஏற்பாடு செய்கிறேன். இரண்டு சந்தேகம். வெங்காயத்தாமரை போட்டால் கொசு பெருகும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். மீன் இருக்கும்போது எப்படிப் பெருகும்? அப்புறம், தண்ணீருக்குள் வளரும் 'ஆக்சிஜன் செடி' கட்டு கட்டாக விற்கிறார்கள். விடியற்காலைத் திணறலுக்கு அது உதவுமா?

---

கொளத்தூர் மீன்காரர்

ஆக்சிஜன் செடி என்று விற்பது பெரும்பாலும் ஹைட்ரில்லா, கபோம்பா, வாலிஸ்னேரியா, ஹார்ன்வோர்ட். பத்துக் கட்டு போடுங்க, மூச்சுத் திணறல் போயிடும்.

---

நீர்ப்பிரம்மி

மீன்காரர் அண்ணே, இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அந்தச் செடிகளும் இரவில் ஆக்சிஜன் இழுப்பவைதான். ஏற்கெனவே பச்சைத் தண்ணீர். அதோடு பத்துக் கட்டு சேர்த்தால் விடியற்காலைக் கணக்கு இன்னும் மோசமாகும். பச்சைத் தண்ணீரில் வெளிச்சம் அடிக்குப் போகாது, ஆகவே பகலிலும் அந்தச் செடி வேலை செய்யாமல் அழுகத் தொடங்கும். அழுகலும் ஆக்சிஜனைத்தான் தின்னும். தண்ணீர் தெளிந்து அடித்தரை தெரிந்த பிறகு மூன்று கட்டில் தொடங்கலாம்.

உடனடி மருந்து வேறு. மீன்தொட்டிக்கு வைக்கும் 5 வாட் காற்றுப் பம்பு ஒன்றை இரவு 10 முதல் காலை 8 வரை ஓட விடுங்கள். செடி நிலைகொள்ளும்வரை மீனைக் காப்பாற்றுவது அதுதான்.

---

கொளத்தூர் மீன்காரர்

சரி, தண்ணீர் தெளிந்த பிறகு என்பதை ஏற்கிறேன். காற்றுப் பம்பும் சரி. ஆனா வகை விஷயம் சொல்லியே ஆகணும். ஹைட்ரில்லாவைக் கோல்ட்ஃபிஷ் கீரை மாதிரி தின்னும், அதை வேறு வாளியில் வளர்த்து வாரம் ஒரு பிடி போடலாம். ஹார்ன்வோர்ட்டுக்கு வேரே கிடையாது. தண்டாலும் இலையாலும் தண்ணீரிலிருந்தே சத்து இழுக்கும், மொரமொரப்பா இருப்பதால் மீனும் அவ்வளவாகத் தொடாது. இந்தத் தொட்டிக்கு முதல் தேர்வு அதுதான். வாலிஸ்னேரியாவை மணல் பேசினில் நடுங்க. நட்ட இரண்டு வாரத்தில் பழைய இலை எல்லாம் கரையும், செத்துப்போச்சுன்னு பிடுங்கிப் போடாதீங்க. வேர் வெள்ளையா, கெட்டியா இருந்தா புது இலை வரும்.

எந்தச் செடி வாங்கினாலும் நேரே போடக்கூடாது. தனி வாளியில் இரண்டு வாரம். அதற்கு முன்னால் பொட்டாசியம் பெர்மாங்கனேட் இளஞ்சிவப்பா தெரிகிற அளவு கரைத்து 10 நிமிஷம் முக்கி அலசுங்க. நத்தைக்குப் படிகாரம், லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, 2 மணி நேரம். தும்பிப் புழு ஒன்று உள்ளே வந்தாலும் குஞ்சு மீன் ஒன்றும் மிஞ்சாது.

---

நீர்ப்பிரம்மி

கொசுக் கேள்விக்கு வருகிறேன். பக்கத்து வீட்டார் சொல்வதில் உண்மை இருக்கிறது.

சாதாரணக் கொசுப் புழு மூச்சுவிட மேற்பரப்புக்கு வரும், கோல்ட்ஃபிஷ் பிடித்துவிடும். ஆனால் மான்சோனியா என்ற வகை மேலே வராது. அதன் புழு மூச்சுக்குழாயை ஊசிபோல ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை வேருக்குள் குத்தி, வேரிலிருக்கும் காற்றையே உறிஞ்சிக்கொண்டு அசையாமல் தொங்கும். அடர்ந்த வேருக்குள் மீன் வாய் எட்டாது. மேலே எண்ணெய் ஊற்றினாலும் சாகாது. யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்புவது இந்தக் கொசுதான். கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் 1980களில் புதுச்சேரியின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் செய்த வேலையில், குளங்களிலிருந்து இந்தச் செடிகளை அகற்றி மீன் வளர்ப்பதே முக்கியமான பகுதியாக இருந்தது.

வீட்டுத் தொட்டியில் செய்ய வேண்டியது எளிது. வாரம் ஒருமுறை ஒவ்வொரு செடியாக எடுத்து, வேரை வாளித் தண்ணீரில் பலமாக அலசி, அந்த வாளியைச் சூடான காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். முதிர்ந்த செடிகளைத் திருப்பி விடாமல் வெளியே போட்டு, இளங்குட்டிகளை மட்டும் விடுங்கள். வாராவாரம் அள்ள வேண்டும் என்றேனே, அந்த அறுவடையும் இதுவும் ஒரே வேலையாக முடிந்துவிடும்.

அது தொந்தரவு என்றால் மிதக்கும் செடிக்குப் பதில் வள்ளைக்கீரை. கீழே கோவைக்காரர் எழுதுவார் என்று நினைக்கிறேன்.

---

கல்வாழை, கோவை

எழுதுகிறேன். பெரிய ஃபில்டர் செலவு வேண்டாம் என்றிருக்கிறீர்கள், ஆனாலும் ஒரு சின்னப் பம்பு வைக்கச் சம்மதித்தால் செடியின் வேலை பல மடங்காகும். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஜல்லிப் படுக்கை. மீன் மேய முடியாத இடத்தில் வேர், அதன் வழியே நாள் முழுக்கத் தண்ணீர். தேய்க்கக்கூடாது என்று நீர்ப்பிரம்மி சொன்ன பாக்டீரியாவுக்கு ஆயிரக்கணக்கான கல்லில் இடம்.

பரப்பு தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 5 சதுர அடி. 2½×2 அடியில் 1 அடி ஆழம், தொட்டி விளிம்பைவிட உயரமாக, தண்ணீர் தானாக வழிந்து திரும்பும்படி. அடியில் 1 அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் போட்டு, இருபுறமும் 2 அங்குலத்துக்கு ஒன்றாக 6 மில்லிமீட்டர் ஓட்டைகள். குழாயின் மறுமுனையை எல்போ (வளைவு இணைப்பு) வைத்து ஜல்லிக்கு மேலே நிமிர்த்தி மூடி போடுங்கள். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பம்பை ஓடவிட்டால் அடியில் தங்கிய கசடு அதன் வழியே வெளியேறும், அதைத் தென்னைக்கு விடலாம். இந்த ஒரு எல்போவை விட்டுவிட்டால் ஒன்றிரண்டு ஆண்டில் மொத்த ஜல்லியையும் அள்ளிக் கழுவ வேண்டிவரும்.

குழாய்க்கு மேல் 6 அங்குலம் முக்கால் அங்குல ஜல்லி, அதற்குமேல் 4 அங்குலம் சிப்ஸ் ஜல்லி. கருங்கல்லாக இருக்கணும், தூசி போகக் கழுவணும். இடையில் துணியோ வலையோ விரிக்கக்கூடாது, வேர் அதில் பின்னி அடைத்துவிடும். மண் ஒரு பிடிகூட வேண்டாம். மணிக்கு 1,000 லிட்டர் தள்ளும் 20 முதல் 25 வாட் பம்பு போதும், மாதம் 18 யூனிட்டுக்குள் வரும். திரும்பும் குழாய் உள்ளே வருவதைவிடப் பெரிதாக, ஒன்றரை அங்குலம் இருக்கட்டும். தண்ணீரில் மூழ்கும் எந்தப் பம்புக்கும் 30 மில்லியாம்ப் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் பிளக்கைச் செருகாதீர்கள்.

செடிக்குக் கல்வாழை 3, குடைக்கோரை 2. வேரிலுள்ள மண்ணைக் குழாயடியில் முழுக்கக் கழுவிவிட்டு ஜல்லியில் நடவும். இடைவெளியில் வள்ளைக்கீரைத் தண்டு அரையடி நீளத்தில் பத்துத் துண்டு. ஒவ்வொரு கணுவிலும் வேர்விடும், மூன்று வாரத்தில் படர்ந்துவிடும், வாராவாரம் வெட்டலாம். தொட்டிக்கு மருந்து எதுவும் போடாதவரை சமைக்கலாம், வெந்த பிறகு சாப்பிடுங்கள், பச்சையாக வேண்டாம். சம்புக்கோரை வைக்காதீர்கள். அதன் கிழங்கு நுனி ஈட்டி மாதிரி, தார்ப்பாய் விரித்த குளமாக இருந்தால் குத்திக் கிழித்துவிடும்.

பம்பு 24 மணி நேரமும் ஓட வேண்டும். நான்கைந்து மணி நேரம் மின்சாரம் போனால் ஜல்லிக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, முட்டை அழுகிய நாற்றம் வரும். மின்சாரம் வந்ததும் அந்த மூடியைத் திறந்து முதல் இரண்டு வாளித் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுத்தான் தொட்டிக்குத் திருப்ப வேண்டும்.

---

கிணத்தடி, யாழ்ப்பாணம்

வணக்கம். எங்கட பக்கம் சுண்ணாம்புக்கல் நிலம், கிணத்துத் தண்ணி கடுமையான வன்தண்ணி. பிஎச் (அமில-கார அளவு) எப்பவும் 8க்கு மேலதான் நிக்குது. கபோம்பா வைச்சால் நிக்குதில்லை. மற்றச் செடி இலையில வெள்ளையாப் பொருக்குப் படியுது. இது நோயோ?

---

நீர்ப்பிரம்மி

நோய் இல்லை. தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு தீர்ந்ததும் சில செடிகள் பைகார்பனேட்டிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும். அப்போது சுண்ணாம்பு இலைமேல் பொருக்காகப் படியும். நகத்தால் சுரண்டினால் தூளாக வரும், அடியில் இலை பச்சையாகவே இருக்கும். ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா, ஹார்ன்வோர்ட் மூன்றும் இந்த வேலை தெரிந்தவை, உங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு அவைதான். கபோம்பாவுக்கு மென்தண்ணீர் வேண்டும், அதை விட்டுவிடுங்கள்.

வன்தண்ணீரில் ஒரு நன்மை, பிஎச் காலை மாலை அதிகம் ஊசலாடாது. ஒரு ஆபத்தும் உண்டு. 30 டிகிரியில் பிஎச் 7.5 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் 2.5 சதவீதம். பிஎச் 8.5 ஆனால் அது 20 சதவீதம். சோதனைக் கிட்டில் அதே எண்ணைக் காட்டும், மீனுக்கு எட்டு மடங்கு விஷம். ஆகையால் உங்கள் தொட்டியில் மீன் இன்னும் குறைவாக இருக்கட்டும். கோடையில் ஆவியாகும் தண்ணீருக்குக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். சேமித்த மழைநீர் இருந்தால் மேல்நிரப்புக்கு அதை விடுங்கள்.

---

மல்லிப்பந்தல், மதுரை

எல்லாம் குறித்துக்கொண்டேன். எந்த வரிசையில் தொடங்குவது? தொட்டியைக் கடைசியாக ஒருமுறை கழுவிவிட்டுத் தொடங்கலாமா?

---

நீர்ப்பிரம்மி

கழுவ வேண்டாம். இப்போது இருக்கும் பச்சைத் தண்ணீரோடே தொடங்குங்கள். அந்தப் பாசி பிடித்து வைத்திருக்கும் சத்து செடிக்குப் போகட்டும்.

இன்றே காற்றுப் பம்பு, தீனி பாதி. இந்த வாரத்துக்குள் கோய் வெளியே. தனிமைப்படுத்திய வெங்காயத்தாமரையை 12 சதுர அடிக்கு, அதாவது பாதிப் பரப்புக்குப் பரப்புங்கள். நாலு செடி போதாது, கையளவு செடி 25, 30 வேண்டும். அரை அங்குலக் குழாயை வளையமாக்கி அதற்குள் விட்டால் பரவாது. மறுபாதி எப்போதும் திறந்தே இருக்கணும். முழுக்க மூடினால் காற்று தொடும் பரப்பு போய், திணறல் திரும்பி வரும். அல்லியையும் அதே வாரம் இறக்கிவிடுங்கள்.

தண்ணீர் மாற்றுவது வாரம் ஐந்தில் ஒரு பங்கு, 240 லிட்டர். அடியில் இருக்கும் கசடைக் குழாய் வைத்து உறிஞ்சியே எடுங்கள், சுவரைத் தொடாதீர்கள். மாநகராட்சித் தண்ணீர் என்றால் திறந்த டிரம்மில் ஒருநாள் வெயிலில் வைத்து விடவும்.

மூன்றாம் வாரம்வரை ஒன்றும் மாறாததுபோலத்தான் இருக்கும். அந்த நேரத்தில் பொறுமை இழந்து பாசி மருந்து ஊற்றிவிடாதீர்கள். தாமிரம் கலந்த மருந்து செடியையும் சேர்த்துக் கெடுக்கும். செத்த பாசி ஒரே இரவில் அழுகி, மொத்த மீனும் போகும். மூன்று முதல் ஆறு வாரத்தில் முதலில் காலை நேரத்தில் மட்டும் அடித்தரை மங்கலாகத் தெரியும், பிறகு நாள் முழுக்க. அப்போது ஹார்ன்வோர்ட் மூன்று கட்டு. அல்லி இலை 6 சதுர அடியை மூடியதும் மிதக்கும் செடியை அந்த அளவுக்குக் குறையுங்கள்.

மீனுக்குப் புண் என்று தொட்டியில் உப்பு கொட்டுவதும் வழக்கம். லிட்டருக்கு 3 கிராம் அளவில் போட்டால் பெரும்பாலான செடி கருகும். நோய் கண்ட மீனைத் தனித் தொட்டியில் வைத்துத்தான் உப்பு.

---

மல்லிப்பந்தல், மதுரை

ஐந்தாம் வார நிலவரம். அடித்தரை தெரிகிறது. அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20. காலையில் மீன் மேலே வருவதில்லை. இரண்டு சிக்கல். வெங்காயத்தாமரை இலைகள் மஞ்சளாகின்றன, ஆனால் வேர் நீளமாக இருக்கிறது. அல்லி இலையில் கருப்பாகச் சின்னப் பூச்சிகள் கூட்டமாக ஒட்டியிருக்கின்றன. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

---

அல்லிக்கரை

வேப்பெண்ணெய் வேண்டாம், தண்ணீர்மேல் படலம் படியும், மீனுக்கும் ஆகாது. அது அசுவினி. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி இலையிலிருந்து தொட்டிக்குள்ளேயே தள்ளுங்கள், மீன் தின்றுவிடும். மூன்று நாள் தொடர்ந்து செய்யுங்கள். மீண்டும் வந்தால் இலையை ஒரு இரவு முழுக்கத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மேலே ஒரு வலையும் சின்னக் கல்லும் வையுங்கள். ஓரத்தில் நீள்வட்டமாக வெட்டிய துண்டு இலைக்கு அடியில் ஒட்டியிருந்தால் அது வேறு, உள்ளே புழு இருக்கும். கையால் எடுத்து நசுக்க வேண்டியதுதான்.

---

நீர்ப்பிரம்மி

மஞ்சள் இலையும் நீண்ட வேரும் சேர்ந்து வந்தால் செடிக்குச் சத்து போதவில்லை, வேர் தேடிப் போகிறது என்று அர்த்தம். நைட்ரேட் 20 இருக்கும்போதே இப்படி என்றால் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு. புதுக்குருத்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். உரம் தேடி ஓட வேண்டாம். மஞ்சளானதை எல்லாம் எடுத்துவிட்டு மூன்றில் ஒரு பங்கு செடி மட்டும் விடுங்கள். அல்லி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

எடுத்த செடியைத் தரையில் பரப்பி இரண்டு நாள் வாடவிட்டு, காய்ந்த சருகோடு அடுக்கிக் கம்போஸ்ட் ஆக்குங்கள். வாய்க்காலிலோ கண்மாயிலோ வீசிவிடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி நம் ஏரிகளை எப்படி மூடிக்கிடக்கிறது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நல்ல சூட்டில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும், ஒரு குட்டி தப்பினாலும் போதும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் தொட்டி விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழே வழிகுழாய் வைத்து, வாயில் 5 மில்லிமீட்டர் வலை கட்டிவிடுங்கள். இல்லையென்றால் செடியும் மீனும் சேர்ந்தே தெருவுக்குப் போகும். மண் கரைசல் உள்ளே வராமல் விளிம்பு தோட்டத் தரையைவிட நாலு அங்குலமாவது உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தொடர்ந்து நாலு நாள் வெயில் இல்லாவிட்டால் செடி வளராது, சத்தும் இழுக்காது. அந்த நாட்களில் தீனியை நிறுத்திவிட்டு இரவில் காற்றுப் பம்பை ஓட விடுங்கள்.